எட்டா, மூணா?

"அண்ணா, இது எட்டா மூணா?"

கேட்டவன் எங்கள் கூரியர் ஆபீஸில் என் பக்கத்தில் பார்கோடு படிக்கும் கன் பிடித்துக்கொண்டிருந்த பையன். உறை லேபிளில் இருந்த எண்ணைப் பார்த்தேன். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. "எட்டுதான், போடு" என்றேன். அவன் கீபோர்டில் அடித்தான், பிரிண்டரிலிருந்து ரூட் ஸ்டிக்கர் வந்தது, உறையில் ஒட்டி மூட்டைக்குள் போட்டான். நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகப்போகிறது, அந்த இரண்டு வார்த்தையை இன்னும் விழுங்க முடியவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம். அந்த வாரம் கடலூரில் மழை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னை லாரியின் தார்ப்பாய் கிழிந்து மேல் வரிசை மூட்டைகள் ஊறி வந்திருந்தன. நாலரைக்குக் காரைக்கால் வண்டி கிளம்ப வேண்டும். கன் படிக்காத உறையை ஹோல்டு ட்ரேயில் போட வேண்டும் என்பது விதி. காலை ஷிப்ட் ஆட்கள் அனுப்பியவரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் அந்த ட்ரே ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது. அதில் விழுந்த உறை பண்டிகை நாட்களில் எப்போது எழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எண் கண்ணுக்குத் தெரிகிறதா, கையால் அடித்துவிடு என்பதுதான் இரவு ஷிப்டின் வழக்கம். நான் கொண்டுவந்த வழக்கம் இல்லை. நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அது எட்டு இல்லை, மூன்று. எட்டு போட்ட எண்ணிலும் ஒரு பார்சல் அன்றைக்கு வழியில் இருந்தது, காரைக்காலுக்கு. எண் உயிரோடு இருந்ததால் சிஸ்டம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. உறையின் மேல் நெல்லிக்குப்பம் என்று விலாசம் நன்றாகவே எழுதியிருந்தது. கடலூரிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு யாரும் விலாசத்தைப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. உறை காரைக்கால் போய், அங்கே ஒரு மூலையில் கிடந்து, பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தது.

உறை போய்ச் சேர வேண்டிய பெண் மூன்று முறை கவுண்டருக்கு வந்தாள். நர்சிங் படித்த மூலச் சான்றிதழ்கள் அதற்குள் இருந்தன. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேதி கொடுத்திருந்தார்களாம். மூன்றாவது முறை வந்தபோது உறை கிடைத்துவிட்டது, தேதி போய்விட்டது. எப்படி சார் காரைக்கால் போச்சு என்று கேட்டாள். சண்டை போடுகிற குரலில் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மழையில நனைஞ்சிருந்துச்சும்மா, மிஷின் தப்பாப் படிச்சிருச்சு" என்றேன்.

"சரி சார். மிஷின்தானே, அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு உறையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனாள்.

எட்டு என்று சொன்னது அவசரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது? மிஷின் தப்பாகப் படிக்கவில்லை என்பது அந்த இடத்தில் இருந்தவர்களில் எனக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். பத்து வருடமாக அந்தக் கன்னோடு இருக்கிறேன்.

கன்னிலிருந்து விழுவது சிவப்புக் கோடு போலத் தெரியும். உண்மையில் அது ஒரே ஒரு லேசர் புள்ளி. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி ஆடிக்கொண்டே அந்தப் புள்ளியை நொடிக்கு நூறு தடவை போல இடமும் வலமும் ஓட்டுகிறது. வெள்ளையில் பட்டால் வெளிச்சம் நிறையத் திரும்பி வரும், கறுப்பில் பட்டால் வராது. வெளிச்சம் எவ்வளவு நேரம் வந்தது, எவ்வளவு நேரம் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குக் கிடைக்கும் சேதி. அந்த நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது மெலிந்த கம்பி, எது தடித்த கம்பி என்று முடிவு செய்கிறது. 'அவசரம்' என்று பார்கோடு மேலேயே சிவப்புப் பேனாவால் எழுதி அனுப்புவார்கள். அதனால் ஒன்றும் ஆகாது, சிவப்பு வெளிச்சத்துக்குச் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். அதே இடத்தில் நீலப் பேனா பட்டிருந்தால் போச்சு. செல்லோ டேப் ஒட்டியிருந்தால் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், நேராகப் பிடித்தால் பளபளப்பு திருப்பி அடிக்கும்.

எங்கள் லேபிளில் இருந்தது கோடு 128 என்ற வகை. எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரு ஜோடிக்கு மூன்று கம்பி, மூன்று இடைவெளி, மொத்தம் 11 அலகு அகலம். மை ஊறிக் கம்பிகளெல்லாம் ஒரே சீராகத் தடித்துப்போனாலும், ஒரு கம்பியின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கம்பியின் இடது விளிம்பு வரை உள்ள தூரம் மாறாது. அதை அளந்து படிப்பதால் நனைந்த லேபிள்கூடப் பல நேரம் பீப் அடித்துவிடும். கம்பிகள் உயரமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பார்கோடை முதலில் யோசித்த நார்மன் ஜோசப் உட்லண்ட், 1949-ல் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து மணலில் விரல்களால் கோடு இழுத்தபோது, மோர்ஸ் தந்தியின் புள்ளியையும் கோட்டையும் கீழே நீட்டி இழுத்தால் மெலிந்த கம்பியும் தடித்த கம்பியும் ஆகிவிடுமே என்று அவருக்குத் தோன்றியது. அப்படி நீட்டிவிட்டால் எந்த உயரத்தில் குறுக்கே ஓடினாலும் ஒரே செய்திதான். மேலே கிழிந்திருந்தால் கீழே படிக்கலாம். சில்வர் பீச்சில் பிள்ளைகள் மணலில் கோடு கிழிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இப்போது கூடவே அந்த உறையும் ஞாபகம் வருகிறது. அதில் இருந்த மடிப்பு மேலிருந்து கீழ்வரை, கம்பிகளின் போக்கிலேயே விழுந்திருந்தது. ஒரு கம்பி முழுசாக அதற்குள் போய்விட்டது. எந்த உயரத்தில் ஓடினாலும் அது கிடைக்காது. அந்த மடிப்புதான் கீழே அச்சடித்திருந்த எண்ணையும் கெடுத்து, மூன்றின் இடது பக்கத்தை மையால் அடைத்திருந்தது.

பையன் மேலேயும் கீழேயும் நகர்த்தி, கன்னைச் சாய்த்து, லேபிளைச் சட்டையில் துடைத்து, ஏழெட்டுத் தடவை முயன்றான். பீப் வரவில்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். முடிவுக் குறிக்கு முன்னால் ஒரு சோதனைக் குறி அச்சாகியிருக்கும். ஒவ்வொரு ஜோடியின் மதிப்பையும் அது நிற்கும் இடத்தால் பெருக்கி, தொடக்கக் குறியின் மதிப்போடு கூட்டி, 103-ஆல் வகுத்து வரும் மீதி அது. கணக்கு இடித்தால் கன் ஒன்றும் சொல்லாது. அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான்.

கையால் அடிக்கிற எண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. தபால் துறையின் ஸ்பீட் போஸ்ட் எண்ணைப் பார்த்தால், இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், அப்புறம் ஒன்பதாவதாக ஓர் இலக்கம், கடைசியில் ஐஎன் என்று இருக்கும். அந்த ஒன்பதாவது, சோதனை இலக்கம். முதல் எட்டையும் 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்று வரிசையாகப் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து அதை எடுக்கிறார்கள். ஆள் ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் கணக்கு இடித்துவிடும். எங்கள் எண்ணில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சிஸ்டமே தடுத்திருக்கும். இப்படி நினைக்கும்போது மனசு கொஞ்சம் லேசாகிறது, உண்மைதான். ஆனால் காவல் இல்லாத இடத்தில் அடிக்கிறோம் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

ட்ரேயில் போட்டிருந்தால் மட்டும் அவள் தேதிக்குப் போயிருக்குமா? போயிருக்கும் என்று சில நாள் தோன்றும். நாலு நாள் கிடந்திருந்தால்கூட மறுநாள் கைக்குக் கிடைத்திருக்கும். போகாது என்று சில நாள் தோன்றும். அந்த வாரம் ட்ரேயிலிருந்த சில உறைகள் தீபாவளி முடிந்துதான் கிளம்பின. அதற்கு முன்னால் அப்படிக் கண்ணால் பார்த்து அடித்ததெல்லாம், எனக்குத் தெரிந்தவரை, சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த உறைகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் என்னிடம் வந்து நன்றி சொல்லவில்லை, அதனால் அவற்றை நான் கணக்கில் எடுக்காமல் விடுகிறேனோ என்னவோ. அதே மாதிரி இரவு, அதே மழை, வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் என்றால் நான் ட்ரேயில்தான் போடுவேன் என்று இப்போதும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மிஸ்ரூட், அதாவது உறை வழி மாறிப் போன தப்பு, பையனின் ஐடியில் ஏறியது. அடித்தது அவன் லாகின். அந்த மாத இன்சென்டிவ் போயிற்று. சொன்னது நான்தான் என்று மேலே நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், எதற்கென்று சொல்லாமல். வாங்கிக்கொண்டான்.

ரிப்போர்ட்டுக்காக எடுத்த லேபிள் போட்டோ என் போனில் இருந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்துக் கம்பி கம்பியாக அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எட்டு என்று நினைத்ததில் தப்பில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். சோதனைக் குறி நனையாமல் சுத்தமாக இருந்தது. மடிப்பில் போனது மூன்றாவது ஜோடி, 37 அல்லது 87. வித்தியாசம் 50. மூன்றாவது இடம், மூன்றால் பெருக்கினால் 150. 103 போக 47. அதாவது எட்டாக இருந்தால் சோதனைக் குறி 47 தள்ளி, வேறு ஏதோ ஒன்றாக இருந்திருக்கும். இரண்டு முறை கூட்டினேன். 37-க்குத்தான் கணக்கு பொருந்தியது. கன் தானாக அந்த இடத்தை நிரப்பிப் பார்க்காது, அதன் வேலை சரிபார்ப்பது மட்டும். ஆனால் பதில் அன்று இரவே அந்தத் தாளில் இருந்திருக்கிறது.

பையன் இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அளந்த கதையைச் சொன்னேன். மூன்றுதான்டா அது, கம்பியிலேயே இருந்திருக்கு என்றேன்.

"எனக்கும் மூணுன்னுதான்ணா பட்டுச்சு" என்றான். "நீங்க சொன்னீங்களேன்னு போட்டேன்."

அப்புறம் ஏன்டா கேட்டே என்று கேட்க வாயெடுத்தேன். புதுச்சேரி பஸ் உள்ளே திரும்பியது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.