தோபா ஏரிக்கு அடியில்: குளச்சல் நாட்குறிப்பு

ஜூன் 11

விடுமுறை என்று பேருக்குத்தான் ஊருக்கு வந்தது. சுமத்ராவின் தோபா எரிமலைப் பகுதியில் பதிவான நிலநடுக்கங்கள் மடிக்கணினியில் கூடவே வந்துவிட்டன. அந்த நடுக்க அலைகளை வைத்து எரிமலையின் அடிப்பகுதியைப் படமாக்குவதுதான் என் ஆய்வு. இன்று முழுக்க அலை வந்த நேரம் குறிக்கும் வேலை. முதலில் வந்து சேரும் வேகமான அலை, பி அலை: கோடு லேசாக ஒருமுறை துடிக்கும். சில நொடி கழித்து, பின்னால் மெதுவாக வரும் எஸ் அலை பெரிதாக ஆடும். அதற்குள் பி அலையின் வால் அடங்கியிருக்காது. அந்தச் சலசலப்புக்குள் எஸ் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். பூமியின் மேலோட்டில் பி அலை நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். குறிப்பதில் 0.1 நொடி பிசகினால் 600 மீட்டர் பிசகு. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான்.

ஜூன் 13

மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்டில்தான். "இது எந்த ஊரு நடுக்கம் மக்ளே?" என்று கேட்டார். சுமத்ரா என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலுக்குள் கடல் ஏறியது அந்தப் பக்கத்து நடுக்கத்தால்தானே.

இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு சுமத்ராவுக்குக் கீழே செருகுகிறது. ஆழம் போகப் போக அது நீரை வெளியே விடும். அந்த நீர் பட்டு மேலே உள்ள பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். அந்தக் குழம்புதான் தோபாவுக்கும் தீனி. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்தது. செருகிய தட்டுக்குள் நடுக்கம் வந்தால் அலைகள் எரிமலையைக் கீழிருந்து துளைத்துக்கொண்டு வரும். அதை வைத்துத்தான் படம் எடுக்கிறோம்.

"மறுபடி வெடிக்குமா?" என்றார். இந்தப் படம் அதைச் சொல்லாது அப்பா, எந்த ஆழத்தில் எவ்வளவு உருகியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும் என்றேன்.

ஜூன் 16

கணினியில் கணக்கின் முதல் ஓட்டம் முடிந்தது. படத்தில் ஏரிக்கு அடியில் நல்ல சிவப்பு. பார்ப்பவர்கள் உடனே கொதிக்கும் குளம் என்று நினைத்துவிடுவார்கள். சிவப்பு என்றால் அலை மெதுவாகப் போன இடம், அவ்வளவுதான். சூடான பாறையிலும் மெதுவாகும், நொறுங்கிய பாறையிலும் மெதுவாகும். உருகல் கலந்திருந்தால் பி அலையைவிட எஸ் அலை அதிகம் தளரும். அதனால் இரண்டின் வேக விகிதத்தைப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. 2015இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலையை இப்படிப் பார்த்தவர்கள் அதன் அடியில் குழம்பு தேங்கும் மேல் அறையில் சுமார் 9 சதவீதமும் கீழ் அறையில் 2 சதவீதமும்தான் உருகல் என்று கணக்கிட்டார்கள். மற்றதெல்லாம் கெட்டிப் பாறை.

ஜூன் 17

கரண்ட் இல்லை. சாயங்காலம் துறைமுகம் வரை நடந்தேன், கடல் நல்ல இரைச்சல். நடுக்கமே இல்லாத நேரத்திலும் கடலலைகள் தரையை மெல்ல ஆட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த ஓயாத ஆட்டத்தை மட்டும் வைத்தே 2014இல் தோபாவுக்குக் கீழே 7 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் குழம்பு அடுக்கடுக்காகக் கிடைமட்டமாகப் பரவியிருப்பதைக் கண்டார்கள். இந்தத் துறையில் என்னை இழுத்துப்போட்டது அந்தக் கட்டுரைதான்.

ஜூன் 19

கட்டச் சோதனை. பூமிக்குள் அலை வேகமாகப் போகும் இடமும் மெதுவாகப் போகும் இடமும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறி மாறி இருப்பதாக வைத்துக்கொண்டு, அதே நடுக்கப் பதிவு நிலையங்கள், அதே நடுக்கங்களைக் கொண்டு கணக்குப் போட்டால் கட்டங்கள் திரும்பக் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது. ஏரிக்கு அடியில் தெளிவாகவே வந்தன. அங்கே கதிர்கள், அதாவது அலைகள் வரும் பாதைகள், பல திசையிலிருந்தும் குறுக்கே வெட்டுகின்றன. தென்மேற்கு மூலையில் எல்லாம் ஒரே பக்கமாக ஓடுவதால் கட்டங்கள் இழுபட்டுக் கோடாகிவிட்டன. அங்கேயும் ஒரு சிவப்புத் திட்டு இருந்தது, பார்க்க அழகுதான். அதை நம்ப முடியாது. அந்த மூலை முழுவதையும் சாம்பல் நிறத்தில் மூடிவிட்டு, ஏன் மூடினேன் என்று படத்துக்குக் கீழேயே எழுதி வழிகாட்டிக்கு அனுப்பிவிட்டேன்.