நல்லூர் தேருக்குப் போகணும்னா முதல்ல பஞ்சாங்கத்தை எடுங்க, டிக்கெட் அப்புறம்

திருவொத்தியூர்க்காரங்களுக்கு திதி பாத்து கிளம்புறது புதுசில்ல. பௌர்ணமி வந்தா காலைல மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு நம்ம வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்னு ஒரே நாள்ல மூணு அம்மனையும் தரிசனம் பண்ணிடுவோம். அதே பழக்கத்துல தான் இலங்கைப் பயணத்தையும் போட்டோம், லீவு எப்போ கிடைக்கும்னு பாக்காம முருகன் எப்போ தேர்ல ஏறுறார்னு பாத்து.

கணக்கு ரொம்ப சுலபம். யாழ்ப்பாணத்துல இருக்கிற நல்லூர் கந்தசாமி கோயில்ல திருவிழா மொத்தம் 25 நாள். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடி ஏறும், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் ஆவணி அமாவாசைல தீர்த்தம். அதனால கேலண்டர்ல ஆவணி அமாவாசையைக் கண்டுபிடிச்சுட்டு அதுக்கு முந்தின நாளை வட்டம் போட்டா அநேகமா அது தான் தேர், இருந்தாலும் கோயில்ல வெளியிடுற தேதியை ஒருதரம் சரிபாத்துக்கோங்க. 2024ல செப்டம்பர் 1, 2025ல ஆகஸ்ட் 21, இப்படி வருஷத்துக்கு வருஷம் நகரும்.

மழை விஷயத்துல நிறைய பேர் குழம்புறாங்க. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இலங்கைல தென்மேற்குப் பருவமழைன்னு படிச்சுட்டு ஆகஸ்ட்ல போக பயப்படுவாங்க, ஆனா அந்த மழை கொழும்பு, காலி பக்கம் தான் கொட்டும், நடுவுல மலை தடுத்துடுறதால வடக்கும் கிழக்கும் காஞ்சு கிடக்கும். யாழ்ப்பாணத்துக்கு மழைன்னா அது நமக்கு வர்ற அதே வடகிழக்கு மழை தான், ஐப்பசி கார்த்திகைல கொருக்குப்பேட்டைல தண்ணி நிக்கிற அதே சமயம் அங்கயும் பெய்யும். அந்த மாசங்கள்ல நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பலை நம்பி பிளான் போடாதீங்க, கடல் மோசமானா நிறுத்திடுவாங்க. அந்தக் கப்பல் ஓட ஆரம்பிச்சது 2023 அக்டோபர்ல, நேரா விமானத்துல போகணும்னா சென்னைலேர்ந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு இருக்கு. வயசானவங்களோட போறவங்களுக்கு விமானம் தான் நல்லது, நாங்களும் அம்மாவுக்காக அதுல தான் போனோம்.

தங்க இடம் மட்டும் மாசக்கணக்குல முன்னாடியே பிடிச்சுடுங்க. கனடா, லண்டன்லேர்ந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க எல்லாம் ஆகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோட வந்து இறங்குவாங்க, கோயிலைச் சுத்தி ரூம் கிடைக்காது.

இப்போ நல்லூரைப் பத்தி. கோயிலுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடியே வண்டியெல்லாம் நிறுத்திடுறாங்க, செருப்பையும் கழட்டிடணும், வீதி பூரா மணல் போட்டு வெச்சிருக்காங்க. ஆம்பளைங்க யாரா இருந்தாலும் சட்டை இல்லாம தான் உள்ள போகணும், பெரிய பதவில இருக்கறவங்க வந்தாலும் அதே தான். அர்ச்சனை டிக்கெட் ஒரு ரூபா. ஸ்பெஷல் தரிசனம், வி.ஐ.பி. வரிசைன்னு ஒண்ணும் இல்லாம எல்லாரும் ஒரே வாசல்ல நிக்கிறதைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நம்ம ஊர்க் கோயில்கள்லயும் இப்படி வரணும்னு மனசார வேண்டிக்கிட்டேன். நேரமும் அப்படித்தான், பூஜைக்குச் சொன்ன மணிக்கு மணி அடிக்கும், நாம லேட்டானா நமக்குத் தான் நஷ்டம்.

1620கள்ல போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடிச்சுட்டாங்க, இப்போ நாம கும்பிடுறது டச்சுக்காரங்க காலத்துல திரும்ப எழும்பின கோயில். ஆறுமுக நாவலர் 1822ல பொறந்ததும் இதே நல்லூர்ல தான். அவர் அச்சுக்கூடம் வெச்சு சைவ நூல்களைப் பதிப்பிச்சது நம்ம தங்கசாலைல, அதனால எனக்கு என்னமோ அந்த ஊரு அந்நியமாவே தோணல.

தேர் அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். நாங்க போனப்போ இருட்டுல ஆம்பளைங்க ஈர வேட்டியோட மணல்ல பிரதட்டை உருண்டுக்கிட்டிருந்தாங்க, பின்னாடியே பொம்பளைங்க தலைல கற்பூரச் சட்டி ஏந்தி "அரோகரா"ன்னு நடந்து வந்தாங்க, வெளிச்சம் வந்ததும் தூக்குக் காவடி ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. சண்முகர் தேர்ல ஏறி வடம் அசையும்போது எழுந்த சத்தத்துல அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாய் விட்டு அழுதுட்டாங்க. பக்கத்துல நின்ன ஒரு ஆச்சி, "எங்கையிருந்து வாறியள் பிள்ளை?"ன்னு கேட்டாங்க. சென்னைன்னதும், "அவ்வளவு தூரத்திலயிருந்தோ! முருகன் கூப்பிட்டிருக்கிறான், கவனமா நிண்டு கும்பிடுங்கோ"ன்னு அம்மாவை முன்னாடி தள்ளி விட்டாங்க. தேர் இருப்பிடம் வந்ததும் கிளம்பிடாதீங்க. இறங்கும்போது பச்சை சாத்தி வருவார், அந்தக் கோலத்தைப் பாக்காம திரும்புறது பெரிய இழப்பு.

என்னைக் கேட்டா தேர் அன்னைக்கு மட்டும் தலை காட்டிட்டு வராதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடியே போயிடுங்க. முந்தின நாள் சப்பரம் இருக்கு, சாயங்காலத்துல கூட்டம் பரவலா இருக்கும்போது நிதானமா உக்காந்து பிரார்த்தனை பண்ணலாம். வெயில் சுடும், மணல்ல வெறுங்கால்ல நிக்க முடியாது, அதனால பெரியவங்களைக் காலைலயும் மாலைலயும் மட்டும் கூட்டிட்டுப் போங்க. சாப்பாட்டுக்குப் பிரச்சனை இல்ல, திருவிழா சமயத்துல அங்க பல வீடுகள்ல மச்சமே, அதாவது மீன் கறி எதுவுமே, சமைக்கிறதில்ல.

நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பாக்காம வந்துடாதீங்க. குறிகட்டுவான் வரைக்கும் பஸ், அங்கேர்ந்து படகு. அந்தச் சின்ன தீவுல நாகவிகாரைங்கற புத்தர் கோயிலும் இருக்கு, சிங்கள மக்களும் அதே படகுத்துறைக்குத் தான் வருவாங்க, பௌர்ணமியை அவங்க போயான்னு சொல்லி நாடு முழுக்க லீவு விடுறதால அன்னைக்குக் கூட்டம் தாங்காது, வேற நாள் போங்க. ஆகஸ்ட்ல காத்து கொஞ்சம் தூக்கும், காசிமேட்டுல படகு பாத்து வளர்ந்த எனக்கே முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, காலைல முதல் படகுகள்ல போனா கடல் அடங்கி இருக்கும். அம்மன் சந்நிதில நின்னதும் அந்தப் பயமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. அன்னதானம் சாப்பிட்டுட்டு வாங்க.

திருகோணமலையும் அதே சமயத்துல காஞ்ச பருவம் தான், சம்பந்தர் பாடின கோணேசுவரத்தை அதே பயணத்துல சேத்துக்கலாம். தெற்குல இருக்கிற கதிர்காமம் முருகன் கோயிலை மட்டும் இதோட கட்டாதீங்க. அங்க திருவிழா வேற தேதி, ஆடிவேல்னு ஜூலை ஆகஸ்ட் வாக்குல வரும், வடக்குலேர்ந்து அடியார்கள் கிழக்குக் கரை வழியா காட்டையும் தாண்டி நடந்தே போற யாத்திரை அது, அதுக்குன்னு தனியா விரதம் இருந்து தனியா ஒரு வருஷம் போகணும். நயினாதீவுல கொடியேத்தம் வைகாசி ஆனி வாக்குல, அம்மா இப்பவே அந்தத் திருவிழா முடியுற பௌர்ணமி எப்போன்னு பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கிட்டிருக்காங்க.