சாம்பார் வாளியும் சாவிக் கொத்தும்: சீரியல் செட்டில் டைரக்‌ஷன் கற்ற கதை

டைரக்‌ஷன் கற்க என்ன வழி என்று கேட்டால் தரமணி அரசு திரைப்படக் கல்லூரியைச் சொல்வார்கள், புனே திரைப்பட நிறுவனத்தைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் யாராவது ஒரு சினிமா டைரக்டரிடம் அசிஸ்டென்டாகச் சேரச் சொல்வார்கள். நான் டிவி சீரியல் வழியாக வந்தவன். புனே நிறுவனத்தில் தொலைக்காட்சிக்கென்றே ஓராண்டு டைரக்‌ஷன் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு எழுதிப் பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை. தெரிந்த அண்ணன் ஒருவர் சென்னை வளசரவாக்கத்தில், படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் ஒரு ஷூட்டிங் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

சீரியலை மட்டமாகப் பேசுவது சினிமாக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு. பேசட்டும். அரை மணி நேர எபிசோடுக்கு விளம்பரம் போக 20 நிமிடத்துக்கு மேல் ஃபுட்டேஜ் வேண்டும், அதைக் கிட்டத்தட்ட ஒரே நாளில் எடுத்தாக வேண்டும். இத்தனை சீன் தினமும் கண் முன்னால் பிரிந்து சேர்வதைப் பார்க்க வேறு எங்கே வாய்ப்பு?

முதலில் கொடுத்தது கிளாப்பும் கண்டினியூட்டியும். கண்டினியூட்டி எடுபிடி வேலை மாதிரித்தான் தெரியும். ஹாலிலிருந்து மருமகள் கிளம்புவதை இன்று எடுப்பார்கள், அவள் சமையலறைக்குள் நுழைவதை அடுத்த வாரம் எடுப்பார்கள். முந்தானை இடுப்பில் செருகியிருந்ததா, தாலிக்கொடி வெளியே தெரிந்ததா, எல்லாம் என் நோட்டில் இருக்க வேண்டும். எங்கள் டைரக்டர் இன்னொன்றும் கேட்பார்: “டம்ளரை எந்த வார்த்தையில எடுத்தாங்க?” சீன் முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் ஒரு வார்த்தையிலும் க்ளோஸப்பில் வேறு வார்த்தையிலும் எடுத்தால் எடிட்டரால் அந்த இடத்தில் வெட்ட முடியாது. நடிப்பவர்களின் கையை இப்படிக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் சீன் பேப்பரில் இல்லாத பாதி சீன் எனக்குப் புலப்பட்டது.

அப்புறம் பிராம்ப்ட்டிங். ஹீரோயினுக்குக் கன்னடம்தான் தாய்மொழி. காமிராவுக்குப் பக்கத்தில் நின்று நான் வசனத்தைப் படிப்பேன், அவர் சொல்வார், பிறகு வேறு ஒருவர் டப்பிங் பேசுவார். “மூச்சு விட இடம் கொடுத்துப் படிடா” என்பார் டைரக்டர். எந்த இடத்தில் நிறுத்தினால் முகத்தில் ஏதாவது நடக்கிறது என்பது அதில் பழகியது.

சாப்பாட்டு மேஜை சீன்கள்தான் எனக்குப் பெரிய பாடம். மேஜையைச் சுற்றி ஐந்து பேர், பரிமாறுகிற மருமகளோடு ஆறு. யார் யாரை இடப்பக்கம் பார்க்கிறார், யார் வலப்பக்கம் என்ற லுக் கணக்கு குழம்பினால், நேருக்கு நேர் திட்டிக்கொள்ளும் இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துத் திட்டுவது போல டிவியில் தெரியும். டைரக்டர் மாமியாரைத் தலைமாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, அவருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டார். காமிரா அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம்தான். மறுபக்கம் போக வேண்டியபோது, மருமகளைச் சாம்பார் வாளியோடு மேஜையைச் சுற்றி நடக்க விட்டு, அந்த நடையை முழுதாக எடுத்தார். பார்க்கிறவர்களும் கூடவே இடம் மாறிவிடுவதால் குழப்பம் இல்லை. நான் லென்ஸ் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையில் வந்தவன், கடைசியில் அதிகம் கற்றது ஆட்களை எங்கே நிறுத்துவது, எப்போது நகர்த்துவது என்பதைத்தான்.

இதில் லைட்டிங் கணக்கும் உண்டு. லைட்டை அடிக்கடி திருப்பினால் பொழுது போய்விடும் என்பதால் ஜன்னல் பக்கத்து க்ளோஸப்பும் சஜஷனும் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரை எடுக்கும் ஷாட்) எல்லாம் முதலில், மறுபக்கம் பிறகு. மாமியார் காலையில் திட்டியதற்கு மருமகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அழுவார். அந்தக் கோபம் எந்த அளவில் இருந்தது என்பதை அதுவரை மனதில் வைத்திருப்பது டைரக்டரின் வேலை.

அன்றைய ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் அனுமதி கேட்டு எடிட்டிங் அறையில் உட்கார்ந்துவிடுவேன். டிவியில் ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம். எடிட்டர் அரை நொடிக்காக அல்லாடுவதை அங்கே பார்க்கலாம். வசனம் முடிந்த கையோடு ‘கட்’ சொன்ன ஷாட்டில் அவருக்கு எதுவும் மிச்சமில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவரின் முகத்தைத்தான் அவர் அதிகம் தேடினார். டைரக்‌ஷன் கற்க வருகிறவர்கள் செட்டில் நிற்கும் நேரத்தில் பாதியையாவது அங்கே கழிக்கலாம் என்பது என் கட்சி.

ஒரு மதியம் டைரக்டர் சேனல் மீட்டிங்குக்குப் போனபோது அக்காவிடம் தம்பி பணம் கேட்கும் சின்ன சீனை என்னிடம் விட்டுப் போனார். அக்காவாக நடித்த மூத்த நடிகை முன்பே ஒருநாள் சொல்லியிருந்தார்: “சோகமா வேணும், கோபமா வேணும்னு சொல்லாதே தம்பி. அவன்கிட்டேர்ந்து எனக்கு என்ன வேணும்னு சொல்லு.” அதனால் அவரிடம், “அம்மா, பீரோ சாவி அவன் கண்ணுல படக்கூடாது” என்று மட்டும் சொன்னேன். மானிட்டர், அதாவது ஒத்திகை, பார்க்கும்போதே, இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைக் கையால் மூடிக்கொண்டு தம்பிக்குக் காபி வேண்டுமா என்று விசாரித்தார். வசனத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. தம்பியாக நடித்தவர் அந்தக் கையையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் செய்ய வேண்டியிருந்தது, அந்தக் கைக்கு ஒரு க்ளோஸப் வைப்பதுதான்.

ஃபுட்டேஜ் பார்த்த டைரக்டர், “கிளம்பிப் போகும்போது ஒரு பாஸிங் எடுத்திருக்கலாம்” என்றார். பாஸிங் என்றால் ஆள் காமிராவைக் கடந்து போகிற ஷாட். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஷெட்யூலிலிருந்து சின்னச் சின்ன சீன்கள் என் பொறுப்பில் வந்தன. சம்பளம் மட்டும் பழைய அசிஸ்டென்ட் சம்பளமேதான், அதுவும் இழுத்தடித்துத்தான் வந்தது. பேட்டா என்கிற தினப்படி மட்டும் தினமும் கைக்கு வந்ததால் வண்டி ஓடியது. இந்த வழியில் வர நினைப்பவர்கள் ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.