சொந்த அலுவல் காரணமாக

காலை ஏழே காலுக்குப் போன் அடித்தால் எங்கள் வீட்டில் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். "உங்களுக்குத்தான்" என்று மனைவி அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் யாரும் நலம் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை. ஓர் ஆசிரியருக்குக் காய்ச்சலாக இருக்கும், இன்னொருவரின் மாமனாருக்கு நெஞ்சுவலியாக இருக்கும், அல்லது மலையடிவாரத்துக்குப் போகும் ஆறரை மணி பஸ் வந்திருக்காது. நான் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் இரண்டு பள்ளிகளுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுத்தராகத்தான் என் காலம் முழுக்கப் போனது. நான் சேர்ந்தது 1989இல். அப்போது ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீஸ் என்பார்கள், 2018இல் பெயர் மாறி பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் ஆனது. பெயர்ப்பலகையை மாற்றினார்கள், ஒழுகும் கூரையை மாற்றவில்லை. எங்கள் ஒன்றியத்தில் எழுபதுக்கு மேல் பள்ளிகள். 1981 ஜூன் முதல் தேதியிலேயே ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆகிவிட்டாலும், பள்ளிச் சுவரில் இன்றைக்கும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றுதான் எழுதியிருக்கும். அவர்களுடைய சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, விடுப்புக் கணக்கு எல்லாம் எங்கள் அலுவலகத்து பீரோவில் இருந்தன. மாற்றுப்பணி ஆணைகளைத் தட்டச்சு செய்து அலுவலரின் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை.

அந்த ஆணை அரைப் பக்கத்தைத் தாண்டாது. மேலே ந.க. எண் என்கிற கோப்பு எண், நாள். கீழே, இந்தப் பள்ளியில் பணிபுரியும் இடைநிலை ஆசிரியர் மறு உத்தரவு வரும்வரை அந்தப் பள்ளியில் மாற்றுப்பணி புரியப் பணிக்கப்படுகிறார், ஊதியத்தைத் தாய்ப்பள்ளியிலேயே பெற்றுக்கொள்வார். அவ்வளவுதான். 'மறு உத்தரவு வரும்வரை' என்ற மூன்று சொற்களுக்குள் நான்கு நாளும் அடங்கும், நான்கு மாதமும் அடங்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், எங்கோ கூடுதல் ஆசிரியர்கள் காத்திருப்பார்கள், அவர்களில் ஒருவரை அனுப்புவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி யாரும் இல்லை. எங்கள் ஒன்றியத்தில் பெரும்பாலானவை ஈராசிரியர் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபோது அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று கணக்கு வைத்தது. வகுப்புகளோ ஐந்து. பெரிய பள்ளியில் ஒருவர் வராவிட்டால், பாடவேளை இல்லாமல் இருக்கும் ஒருவரை அந்த வகுப்புக்கு அனுப்பிச் சமாளிக்கலாம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு என்றால் பள்ளிக்கூடத்தில் பாதி விடுப்பு. அங்கே ஆள் அனுப்ப வேண்டுமென்றால் இன்னோர் ஈராசிரியர் பள்ளியைப் பாதியாக்க வேண்டும். ஒரு சட்டைக்கு ஒட்டுப்போட இன்னொரு சட்டையைக் கிழிக்கிற வேலை.

கிழிப்பதில் நான் ஒருமுறை தப்புக் கணக்குப் போட்டேன். 2009 என்று நினைவு. ஒரு பள்ளியில் டீச்சர் ஒருவர் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. அங்கே ஆள் வேண்டும் என்று பக்கத்து ஊர்ப் பள்ளியின் உதவி ஆசிரியருக்கு அவசரமாக ஆணை போட்டேன். அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் அதே நாளுக்குத் தற்செயல் விடுப்பு கேட்டு இரண்டு நாள் முன்பே கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். கடிதம் என் மேசையில்தான் இருந்தது, ஜி.பி.எப். (வருங்கால வைப்பு நிதி) விண்ணப்பங்களுக்கு அடியில், பிரிக்காமல். உதவி ஆசிரியர் வீட்டிலிருந்து நேரே மாற்றுப்பணிக்குப் போய்விட்டார். தலைமையாசிரியர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தார். பள்ளிச் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கியது.

பதினோரு மணிக்கு ஊர்க்காரர் ஒருவர் டீக்கடையிலிருந்து போன் செய்தார். "சார், இன்னைக்கு லீவா?" என்று மட்டும்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அலுவலகப் பியூனின் டிவிஎஸ் ஐம்பதில் நானே போனேன். முப்பது பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சத்துணவு அமைப்பாளர் அம்மா உலையை வைத்துவிட்டு வந்து அவர்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும் செயல்வழிக் கற்றல் அட்டைகள் எல்லாம் பூட்டிய அறைக்குள். ஒரு பெண் குழந்தை ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுத் தன் அட்டை இருக்கும் தட்டைக் காட்டி, "நான் அங்க வரைக்கும் முடிச்சிட்டேன் சார்" என்றது. நான் மதியம் வரை அங்கேயே இருந்தேன். எழுத்தருக்குப் பாடம் நடத்தத் தெரியாது, கதை சொன்னேன். எனக்குத் தெரிந்த கதை இரண்டு. ஒரு மணிக்குள் இரண்டும் தீர்ந்துவிட்டன. அந்த அம்மாவுக்குத்தான் நான் அன்று கடன்பட்டேன், அவரோ நான் சாப்பிடாமல் கிளம்புகிறேன் என்று வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என் முதல் வேலை வந்த கவர்களையெல்லாம் பிரிப்பது.

விடுப்புக் கடிதங்களை ஆண்டுக்கணக்காகப் படித்தால் ஒரு விஷயம் புரியும். எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: 'சொந்த அலுவல் காரணமாக'. ஆனால் தேதி பேசும். வைகாசி முகூர்த்தத்தை ஒட்டி மூன்று நாள் கேட்டால் வீட்டில் கல்யாணம். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. டிசம்பர் 31 தாண்டினால் மிச்சம் செல்லாது. அதனால் டிசம்பரில் ஒன்றியம் முழுவதற்கும் திடீரென்று சொந்த அலுவல் வந்துவிடும், அரையாண்டுத் தேர்வு நடக்கும் நேரம் பார்த்து. அதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம், அப்புறம் நாங்களும் எழுதிக் கொடுப்போம்.

ஒரு தலைமையாசிரியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சரியாகச் செவ்வாய்க்கிழமை விடுப்பு கேட்டார். மூன்றாவது கடிதத்தில்தான் எனக்கு உறைத்தது. என் அக்காவுக்கும் அதே கணக்கில்தான் மருந்து ஏற்றினார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாட்காட்டியில் இருபத்தொரு நாள் எண்ணிக் குறித்துவைத்து, அவர் கேட்குமுன்பே அந்தச் செவ்வாய்களுக்கு ஆள் போட்டுவிட்டேன். நான்காவது முறை அவர் போன் செய்து, "சார், நாளைக்கு…" என்று ஆரம்பித்தார். "ஆள் வந்துடுவாங்க டீச்சர்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சரி என்று வைத்துவிட்டார். அவர் நலமாகி, பணிக்காலம் முடியும்வரை வேலை பார்த்தார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பேறுகால விடுப்பும் இப்படித்தான். சில மாமியார்களுக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் சேர்ந்தபோது தொண்ணூறு நாள். 2011இல் ஆறு மாதம் ஆனது, 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு. மூன்று மாதப் பிள்ளையை விட்டுவிட்டு வந்து, மார்பு நனைந்த புடவையோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த டீச்சர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த உயர்வு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விடுப்பைக் கொடுத்த கை, எங்கள் ஒன்றியத்துக்கு அந்த ஓராண்டுக்கான ஆளைக் கொடுக்கவில்லை. செய்தி வந்ததும் சில தலைமையாசிரியர்கள், "அந்த அம்மாவுக்கு மறுபடியுமா?" என்பார்கள். பழி துறைக்குப் போகாது, பிள்ளை பெறுகிறவளுக்குப் போகும். நானும் அந்தப் பேச்சுக்குச் சிரித்திருக்கிறேன் என்பதை மறைக்க முடியாது.

ஒரே ஒருமுறை ஒன்றியம் முழுவதற்கும் மாற்று ஆசிரியர் கிடைப்பார்கள்போல் இருந்தது. 2019 ஜனவரி 22இல், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, தற்காலிக ஆசிரியர்களை முதலில் 7,500 ரூபாய்க்கும் பிறகு 10,000 ரூபாய்க்கும் எடுப்பதாக அரசு அறிவித்தது. மறுநாளே எங்கள் வாசலில் பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ் நகல்களோடு வரிசை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நின்றவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள். இத்தனை பேர் இருந்தும் எனக்கு ஏழே கால் மணிக்கு ஒருவரும் கிடைக்காமல் போனது எப்படி என்று நினைத்துக்கொண்டேன். 30ஆம் தேதி போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நகல்களைத் திருப்பி வாங்க யாரும் வரவில்லை. அந்தக் கட்டு வெகுநாள் பீரோ மேல் கிடந்தது.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப். ரோஜாப் பூ போட்ட காலை வணக்கங்களுக்கு நடுவே விடுப்புச் செய்தியைத் தேடிப் பிடிக்க வேண்டும். வருகைப்பதிவும் செயலியில். பத்து மணிக்கு யார் இல்லை என்பது சென்னைக்கே தெரிந்துவிடுகிறது. யாரை அனுப்புவது என்பது மட்டும் பழையபடிதான்.

அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கணக்குப் பார்த்தால் குழந்தைகள் குறைவான பள்ளியிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். நடைமுறையில் அப்படி நடக்காது. சிலருக்கு ஆணை போட்டால் அரைமணியில் சங்க வட்டாரச் செயலாளர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சிலருக்கு மேலிருந்து போன் வரும். சிலர் ஆணையை வாங்கவே மாட்டார்கள், உடனே மருத்துவ விடுப்பில் போய்விடுவார்கள். ஆக, 'சரி சார்' என்று சொல்கிற நான்கைந்து பேர் மட்டும் மிஞ்சுவார்கள். ஒன்றியத்து மாற்றுப்பணி முழுவதும் அவர்கள் தோளில்தான். அவர்களில் ஒரு டீச்சர் இரண்டு ஆண்டில் ஆறு பள்ளிகளுக்குப் போனார். வெளி மாவட்டத்துக்காரர், தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார், கேட்பார் யாரும் இல்லை. ஒருநாள் சம்பளச் சான்று வாங்க வந்தவர், "சார், நான் எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்னு எனக்கே மறந்துபோச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய தாய்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த இரண்டு ஆண்டு யாரிடம் படித்தார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் ஏழாவது ஆணையில் அவர் பெயரைத்தான் அடித்திருப்பேன். ஏழே கால் மணிக்கு மறுக்காத பெயர்தான் முதலில் ஞாபகம் வரும்.

2020 ஜூனில் ஓய்வு பெற வேண்டியவன் நான். அந்த மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டு 60. இரண்டு தடவை பிரிவுபசாரத்துக்கு வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கடைசியில் 2022 ஜூன் 30, வியாழக்கிழமை. அடுத்த மாதமே பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க ஏற்பாடானது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். மூன்றரை ஆண்டுக்கு முந்தைய அதே தொகை.

அன்று மாலை வட்டார வள மையத்துக் கூடத்தில் விழா. சால்வைகள், சந்தன மாலை, கேசரி, மிக்சர். ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலிருந்தும் வந்திருந்தார்கள். மூன்று வாரக் கணக்குத் தலைமையாசிரியைகூட ஓய்வு பெற்ற பிறகும் மகனோடு வந்து ஒரு எவர்சில்வர் குடத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு பள்ளிகளுக்குப் போன அந்த டீச்சரை மட்டும் காணவில்லை. பக்கத்தில் நின்ற இளநிலை உதவியாளரிடம் கேட்டேன்.

"நேத்து நீங்கதானே சார் ஆர்டர் அடிச்சீங்க? மலையடிவாரப் பள்ளிக்கு. அங்கேருந்து கடைசி பஸ் ஆறு மணிக்குத்தான்."