அண்ணாச்சி அமுக்கிய பட்டன்

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு வேர்ட்பிரஸ்ஸில் வூகாமர்ஸ் (இணையக் கடைக்கான கூடுதல் நிரல்) போட்டுத் தளம் செய்து கொடுத்திருந்தேன். இரண்டு வருடம் பிரச்சினையில்லை. ஒரு நாள் காலை ஆறரைக்கே போன். "தம்பி, கடைப் பேரையே காணும். வேற யாரோ கடை மாதிரில்லா இருக்கு!"

திறந்து பார்த்தேன். பழுப்பு நிறம் போய், தளத்துக்குத் தோற்றம் தரும் தீமின் சொந்த நீலம் வந்திருந்தது. பொருள் பெயர்களில் 'ட்டி'யின் மேல்விலங்கு பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. எழுத்து வெட்டுப்படாமல் இருக்க வரி உயரத்தை 1.6 ஆக்கி வைத்திருந்தேன், அதுவும் போயிருந்தது. "சிவப்பா ஒரு வட்டம் தெரிஞ்சுது தம்பி, அப்டேட்டுன்னு போட்டிருந்துச்சு, அமுக்கிட்டேன்" என்றார்.

தப்பு அவருடையது இல்லை. தீம் அப்டேட் ஆனால் அதன் பழைய ஃபோல்டர் அப்படியே போய்ப் புதியது வந்து உட்காரும். அவசரத்தில் நான் எல்லாத் திருத்தத்தையும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே செய்திருந்தேன். கடைப் பெயரைக்கூட ஹெடர் ஃபைலில் நேரடியாக எழுதி வைத்த புண்ணியவான் நான்தான்.

கையில் இருந்த பேக்கப் நான்கு நாள் பழையது. அதை முழுசாக ஏற்றினால் நான்கு நாள் ஆர்டரும் போய்விடும், ஆர்டர்கள் டேட்டாபேஸில் அல்லவா இருக்கின்றன. அதனால் தீம் ஃபோல்டரை மட்டும் எடுத்துப் போட்டேன். ஒன்பது மணிக்குள் கடை திரும்பியது. ஆனால் பழைய தீமிலேயே காலம் தள்ள முடியாதே, அதில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும்.

அப்புறம் ஸ்டேஜிங் பிரதி (சோதித்துப் பார்க்கத் தளத்தின் தனி நகல்) ஒன்றில் சைல்டு தீம் வேலை ஆரம்பித்தது. மூலத் தீமைத் தொடாமல் நம் திருத்தங்களைத் தனி ஃபோல்டரில் வைப்பதுதான் சைல்டு தீம்; மூலத் தீம் அதற்குத் தாய். அதே பதிப்பின் கைபடாத ஜிப்பை வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து இறக்கி, என் ஃபோல்டரோடு டிஃப் போட்டு, எந்தெந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தேன். பத்து வரி இருக்கும் என்று நினைத்தால் ஆறு ஃபைல்களில் நூற்று நாற்பது. சிலவற்றை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பக்க அமைப்புக்கான டெம்ப்ளேட் ஃபைல்களைச் சைல்டில் வைத்தால் தாய்த் தீமில் உள்ளதற்குப் பதில் இவை ஓடும். தீமின் நிரல் துண்டுகள் இருக்கும் ஃபங்ஷன்ஸ் ஃபைல் மட்டும் அப்படியில்லை. சைல்டில் உள்ளது முதலில் ஓடும், பிறகு தாயுடையதும் ஓடும். நான் முழு ஃபைலையும் காப்பி செய்து போட்டதால் ஒரே ஃபங்ஷன் இரண்டு முறை வந்து தளம் படுத்தது. நான் சேர்த்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கியதும் எழுந்தது.

சைல்டை ஆக்டிவேட் செய்தால் லோகோவைக் காணோம்! லோகோ போன்ற தோற்றத் தேர்வுகளை, அதாவது கஸ்டமைசர் அமைப்புகளை, வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தீம் பெயருக்கும் தனித்தனியாகச் சேமிக்கிறது. டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் டேபிளில் தாய்த் தீமின் அமைப்புகள் இருந்த வரிசையைச் சைல்டின் பெயருக்கு நகலெடுத்தேன். கூடுதல் சிஎஸ்எஸ்ஸை (தோற்றத்துக்கான குறிமுறை) கையால் ஒட்டினேன்.

இப்போது மாதம் ஒரு முறை முதலில் ஸ்டேஜிங்கில், பிறகு நேரடித் தளத்தில் அப்டேட். சைல்டில் இருக்கும் வூகாமர்ஸ் டெம்ப்ளேட் எதுவும் பழசாகிவிட்டதா என்று ஸ்டேட்டஸ் பக்கத்தில் பார்த்துவிடுவேன். இதற்கென்று வருடக் கட்டணம் தனி. அண்ணாச்சி பேரம் பேசவில்லை, அதுதான் ஆச்சரியம்.

அவருடைய கணக்கை ஷாப் மேனேஜராக மாற்றிவிட்டேன். ஆர்டர், விலை எல்லாம் பார்க்கலாம், அப்டேட் கண்ணில் படாது. போன வாரம் கேட்டார்: "அந்தச் சிவப்பு வட்டம் இப்ப வர்றதே இல்லையே தம்பி, ரிப்பேரா?"