பாடம் எடுப்பவர் எங்கே கை பழகினார்?

மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்த இளம் மருத்துவர்கள், ஏதேனும் ஒரு பயிற்சி வகுப்பின் அறிவிப்பை எனக்கு அனுப்பி, "மேடம், இதில் சேரலாமா?" என்று கேட்பது வழக்கம். கட்டணம், நாட்கள், மருத்துவக் கவுன்சிலின் கிரெடிட் புள்ளிகள் ஆகியவற்றையெல்லாம் கவனமாகப் பார்ப்பவர்கள், ஆசிரியர் குழுவைப் பற்றிய பக்கத்தில் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். அதை எப்படிப் படிக்கிறேன் என்று பலருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.டி., எம்.எஸ். என்ற வேறுபாடு நம் துறையில் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. இரண்டும் ஒரே மூன்றாண்டுப் படிப்புதான். டி.ஜி.ஓ. என்பது இரண்டாண்டு டிப்ளமோ. மூத்த தலைமுறையில் மிகச் சிறந்த பிரசவ மருத்துவர்கள் பலர் அதை மட்டுமே முடித்தவர்கள். புற்றுநோய்க்கு எம்.சிஎச். என்ற உயர் சிறப்புப் பட்டம், குழந்தையின்மை சிகிச்சைக்கு எஃப்.என்.பி. என்ற தேசியத் தேர்வு வாரியச் சிறப்புப் பயிற்சி என்று இருந்தால், அவர் அந்தத் துணைத்துறையில் ஆண்டுக்கணக்கில் முழுநேரமாகப் பயின்றவர் என்று நம்பலாம். எம்.ஆர்.சி.ஓ.ஜி. என்பது பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி நடத்தும், மூன்று பகுதிகளைக் கொண்ட கடினமான தேர்வு. ஆனால் அது அறுவை அரங்கில் வைத்து நடத்தப்படும் தேர்வு அன்று. ஆகவே, அதை வைத்து ஒருவருடைய படிப்பையும் மருத்துவ முடிவெடுக்கும் திறனையும் மதிக்கலாம், கைத்திறனை அளக்க முடியாது. எஃப்.ஆர்.சி.ஓ.ஜி. என்பது அதே கல்லூரியின் உறுப்பினராகிப் பல ஆண்டுகள் பணியாற்றியவருக்குத் தரப்படும் மதிப்புநிலை. அது தனித் தேர்வு அன்று.

வயிற்றில் சிறு துளையிட்டு, அதன் வழியே உள்ளே பார்த்து அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி முறைக்கான வகுப்புகளின் ஆசிரியர் பட்டியலில் ஜெர்மனியிலுள்ள கீல் நகரத்தின் பெயரை அடிக்கடி காணலாம். அந்தப் பெருமைக்குக் காரணம் அங்கு மகளிர் மருத்துவத்துறைக்குத் தலைமை வகித்த குர்ட் ஸெம். குடல்வால் அறுவையை லேப்ராஸ்கோப் மூலம் 1980-இல் முதன்முதலாகச் செய்தவர் அவர்தான். மகளிர் மருத்துவர் ஒருவர் தங்கள் எல்லைக்குள் நுழைந்துவிட்டதைப் பொறுக்காமல், அவருடைய மருத்துவப் பணியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைமையே எழுதிக் கேட்டது. அத்தகைய இடத்தில் பயின்றது பெருமைதான். ஆயினும், அங்கே பார்வையாளராகச் சில நாட்கள் இருந்தாரா, அறுவை அரங்கில் கருவியைக் கையில் பிடித்துப் பல மாதங்கள் பழகினாரா என்பதை அந்த ஒற்றை வரி ஒருபோதும் சொல்லாது. வெளிநாட்டு ஊரின் பெயர் வரும் இடங்களிலெல்லாம் கால அளவைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

எழுத்துகளைக் காட்டிலும் நான் தேடுவது, அவர் எந்த மருத்துவமனையில், எந்த வகை நோயாளிகளைப் பார்த்தார் என்பதைத்தான். இந்த அளவுகோலைப் பெரிய கல்லூரிகளின் பெயர்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மகளிர் மருத்துவரான பாட்ரிக் ஸ்டெப்டோ 1951 முதல் இங்கிலாந்தின் வடக்கே ஓல்டாம் என்ற ஆலை நகரத்தின் பொது மருத்துவமனையில் பணியாற்றினார். அது பல்கலைக்கழக மருத்துவமனை அன்று. பாரிஸில் ரவூல் பால்மரிடம் லேப்ராஸ்கோப்பியைக் கற்று வந்து, தம் ஊர் நோயாளிகளிடம் பயன்படுத்தித் தேர்ந்து, 1967-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். அவரோடு சேர்ந்த ராபர்ட் எட்வர்ட்ஸ் மருத்துவரே அல்லர். மரபியலில் முனைவர் பட்டம் பெற்ற உடலியங்கியல் ஆய்வாளர். மூன்றாமவரான ஜீன் பர்டி செவிலியராகப் பயின்று, கருமுட்டை ஆய்வகத்தைத் தாங்கியவர். 1978 ஜூலை 25 அன்று ஓல்டாமில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தது இந்த மூவரின் உழைப்பால்தான். குழந்தையின்மை சிகிச்சை பற்றிய ஒரு வகுப்புக்கு இம்மூவரையும் ஆசிரியர்களாகப் போட்டு இன்று ஓர் அறிவிப்பு வந்தால், பேராசிரியர் என்ற சொல்லை மட்டும் தேடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பணம் கட்டுவார்கள் என்று எனக்கு ஐயம் உண்டு.

தேசிய மருத்துவ ஆணையம் 2025-இல் வெளியிட்ட விதிகளால் இந்தக் கேள்வி நமக்கு மிக அருகில் வந்துவிட்டது. 220 படுக்கைகளுக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனைகள், இதுவரை கற்பித்தல் பணி இல்லாதவையாக இருந்தாலும், கற்பிக்கும் நிறுவனங்களாக ஆகலாம். அங்கு பத்தாண்டு பணியாற்றிய சிறப்பு மருத்துவர் இணைப் பேராசிரியராகவும், இரண்டாண்டு பணியாற்றியவர் சீனியர் ரெசிடென்சி என்ற, மேற்படிப்புக்குப் பிந்தைய மருத்துவமனைப் பணியை முடிக்காமலேயே உதவிப் பேராசிரியராகவும் நியமனம் பெறலாம். மாவட்ட மருத்துவமனைகளை நடத்தும் டி.எம்.எஸ். பக்கம் இருப்பவர்கள், மருத்துவக் கல்லூரிகளை நடத்தும் டி.எம்.இ. பக்கம் இருப்பவர்கள் என்று பிரித்துப் பேசியே பழகிய தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களிடையே இது சலசலப்பை உண்டாக்கியதில் வியப்பில்லை. என்னைப் பொறுத்தவரை, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையத்தில் பத்தாண்டு இரவுப் பணி பார்த்தவருக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைப் பற்றிப் பேசுவதற்கு வேறு எந்த அறிமுகமும் தேவையில்லை. ரத்தம் வந்து சேரும் வரை கருப்பையைப் பலூன் வைத்து அழுத்திக் காத்தது, வலிப்புடன் வந்தவருக்கு மக்னீசியம் சல்பேட் கொடுத்துவிட்டு மயக்க மருத்துவருக்காகக் காத்திருந்தது போன்றவை பெரிய நிறுவனத்தில் மட்டுமே இருந்தவருக்கு எளிதில் கிடைக்காத அனுபவங்கள்.

ஆனால் அனுபவம் தானாகவே பாடமாகிவிடுவதில்லை. தான் செய்வதை ஏன் செய்கிறோம் என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்லவும், மாணவரின் கையில் கருவியைக் கொடுத்துவிட்டுப் பதறாமல் பக்கத்தில் நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் மருத்துவக் கல்வி நுட்பம் பற்றிய அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான் வந்தது. அந்தப் பயிற்சியை ஒரு சடங்காக முடித்தவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேயப் பெண் மருத்துவர் மேரி ஷார்லீப்பின் பின்னணியை இங்கே நினைவுகூரலாம். அவர் முதலில் சென்னைப் பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார்; பின்னர் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார்; 1882-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, இன்று கஸ்தூரிபா மருத்துவமனையாக விளங்கும் கோஷா மருத்துவமனை 1885-இல் தோன்றக் காரணமாக இருந்தார்; தாம் படித்த கல்லூரியிலேயே பாடமும் எடுத்தார். இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது லண்டன் பட்டம் அன்று, முதற்படியாகிய மருத்துவச்சிப் பயிற்சிதான். மகப்பேறு மருத்துவரான ஏ. லட்சுமணசாமி முதலியாரைப் பற்றி எழுதுவோரும் அவர் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்ததைத்தான் முதலில் எழுதுகிறார்கள். மகப்பேறு மருத்துவம் கற்பவருக்கு அவருடைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைப் பணிக்காலமே முதன்மையானது. இன்றைய அறிமுகக் குறிப்புகளிலும் இதே பழக்கம் இருக்கிறது. சங்கத் தலைவர், மாநாட்டுச் செயலாளர், விருதாளர் என்று பதவிகள் முதலில் வரும். வார்டு கடைசி வரியில் வரும், அல்லது வரவே வராது.

குறிப்புகளில் பெரும்பாலும் எழுதப்படாத ஒன்று பணத் தொடர்பு. கருவி தயாரிக்கும் நிறுவனத்தின் ஆலோசகராக இருப்பவர், அந்த நிறுவனத்தின் கருவியைக் கொண்டே கருப்பை அகற்றும் முறையைக் கற்பிப்பது குற்றமாகாது. கற்பவரிடம் அதை மறைப்பதுதான் தவறு. ஹார்மோன் மாத்திரைகள், தடுப்பூசிகள், கரு மரபணுப் பரிசோதனைகள் பற்றிய வகுப்புகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஆகவே, சேரலாமா என்று கேட்பவர்களிடம் வகுப்பை நடத்துவோருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறேன். ஆசிரியர் இப்போதும் அறுவை செய்கிறாரா, எந்த மருத்துவமனையில், மாணவர் கையால் செய்யும் பகுதி எவ்வளவு நேரம், அப்போது பக்கத்தில் நிற்பவர் பட்டியலில் உள்ள மூத்தவரா அவருடைய உதவியாளரா, எந்த நிறுவனம் நிதி தருகிறது என்று கேட்டால் போதும். நேர்மையாக நடத்துவோர் இரண்டொரு நாளில் பதில் எழுதிவிடுகிறார்கள். புகைப்படங்கள் நிறைந்த அதே அறிவிப்பை மறுபடியும் அனுப்பி வைப்பவர்களும் உண்டு. அந்த வகுப்புகளுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.