ஒரு சொட்டு ரத்தமும் காலைக் கண்ட்ரோலும்

கறுப்பு டர்டில்நெக் போட்டு, ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா டெஸ்ட்டும் எடுக்கலாம் என்று மேடையில் பேசும் பெண். கேலிக் கார்ட்டூன் வரைகிறவர்களுக்கு எலிசபெத் ஹோம்ஸ் சுலபமான உருவம். 2003-ல், 19 வயதில் அவர் தொடங்கிய ரத்தப் பரிசோதனைக் கம்பெனி தெரானோஸ் 2014-ல் 900 கோடி டாலர் மதிப்புக்கு ஏறியது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2022-ல் 11 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை. கார்ட்டூன் அவருடைய கட்டைக் குரலோடு நின்றுவிடும். வேலூரில் லேப் வேலை பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டியது, அந்த ரிப்போர்ட்டுகள் எந்த இடத்தில் கெட்டன என்பதை.

விரலிலேயே ஆரம்பிக்கிறது. நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததைத் தானாக வரவிட வேண்டும். பிழிந்தால் திசுநீர் கலக்கும், சிவப்பணு உடையும், உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டும். 4 இருக்கிறவருக்கு 6 காட்டினால் டாக்டர் பதறிப்போவார். சர்க்கரைக்கு விரல் போதும். பொட்டாசியத்துக்கு நரம்பில்தான் எடுக்க வேண்டும்.

தெரானோஸின் எடிசன் மெஷினில் ஓடியவை சில டெஸ்ட்டுகள்தான். மற்ற பல விரல் சாம்பிள்களை நீர்க்க வைத்து சீமென்ஸ் கம்பெனி மெஷினில் ஏற்றினார்கள். ஐந்து மடங்கு நீர்த்த சாம்பிளில் மெஷின் 0.1 பிசகினால், விடையை ஐந்தால் பெருக்குவதால் ரிப்போர்ட்டில் அது 0.5 ஆகிவிடும்.

மெஷின் பிசகுவதைக் காட்டிக்கொடுப்பது கண்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த சாம்பிள்; அதைக் காலையில் முதலில் ஓட்டுவார்கள். உலர்பொடிக் கண்ட்ரோலில் பிப்பெட்டால் அளந்து 5 மில்லி தண்ணீர் விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, அரைமணி வைத்து, நோயாளி சாம்பிளுக்கு முன் இரண்டு லெவலும் ஓட்ட வேண்டும். கண்ட்ரோல் விடைகளை நாள்தோறும் புள்ளியாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில், புள்ளி சராசரியிலிருந்து 2 எஸ்டி (திட்ட விலக்கம், வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) தாண்டினால் எச்சரிக்கை. 3 எஸ்டி தாண்டினால் அந்த டெஸ்ட்டை நிறுத்த வேண்டும். சரியாக வரும்வரை அதையே திரும்பத் திரும்ப ஓட்டி, நல்ல புள்ளியை மட்டும் எழுதுவது நம் ஊரிலும் உண்டு. அது மோசடிதான், சின்ன அளவில். தெரானோஸ் 2016-ல் இரண்டு ஆண்டு எடிசன் ரிப்போர்ட்டுகளை மொத்தமாக ரத்து செய்தது.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை நடத்தும் வெளித்தரச் சோதனையில், விடை சொல்லாமல் லேப்புகளுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் சாம்பிளையும் நோயாளி சாம்பிள் போலவே ஒரே தடவை ஓட்டுங்கள். ஐடா ஸ்கடர் ரோட்டில் பக்கத்து லேப்புக்கு போன் போட்டு விடை கேட்க வேண்டாம்.

புது மெஷின் விற்க வருகிறவர் தன் சாம்பிளில் ஓட்டிக் காட்டினால் போதாது. குறைவு, நார்மல், அதிகம் கலந்து 40 நோயாளி சாம்பிள்களைப் பழைய மெஷினிலும் புதியதிலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டுங்கள். குடியாத்தத்திலிருந்து சீரம் பிரிக்காமல் வரும் டியூப்பில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும்; தாமதித்தால் வித்தியாசம் மெஷினுடையதா, ரத்தத்துடையதா என்று பிரிக்க முடியாது.